கடற்கரை ஊரில் வோல்டேஜ் கோளாறு: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

ராமேஸ்வரம் தீவிலும், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி பக்கமும், வடக்கே தேவிபட்டினம், தொண்டி பக்கமும் கரண்ட் சரியில்லை என்றால் எல்லோரும் சொல்வது "லோ வோல்டேஜ்" என்ற ஒரே புகார்தான். அந்தப் புகாருக்குப் பின்னால் இருக்கும் பழுதுகளோ ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. ஒன்றுக்கு வீட்டு வயர்மேன் போதும், ஒன்றுக்கு லைன்மேன் வர வேண்டும், இன்னொன்றுக்குப் புது டிரான்ஸ்பார்மரே வைக்க வேண்டியிருக்கும். பிரித்துப் பார்க்காமல் கடைக்குப் போய் ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டினால் பணமும் போகும், சில பழுதுகள் இன்னும் மோசமாகும்.

இதைப் படித்துவிட்டு யாரும் கரண்டுக் கம்பத்தில் ஏற வேண்டாம். டிரான்ஸ்பார்மர் வேலிக்குள் கால் வைக்க வேண்டாம், லைனை நிறுத்தும் ஏபி சுவிட்சைத் தொட வேண்டாம். நீங்கள் செய்ய வேண்டியது அளவெடுப்பது மட்டும்தான். அதையும் பழக்கமுள்ள வயர்மேனைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஒரு மல்டிமீட்டர், கம்பியைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் பார்க்கும் ஒரு கிளாம்ப் மீட்டர், ஒரு அயர்ன் பாக்ஸ் இருந்தால் பெரும்பாலான சோதனைகளை முடித்துவிடலாம். டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள். கரண்ட் திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரல் அறுந்த வீட்டிலும் டெஸ்டர் பளிச்சென்று எரியும்.

வோல்ட்டோடு ஆம்பியரையும் சேர்த்துப் பாருங்கள்

தெருமுனை டிரான்ஸ்பார்மர் 11,000 அல்லது 22,000 வோல்ட்டை வாங்கி 433 வோல்ட்டாக இறக்கித் தருகிறது. அது இரண்டு பேஸுக்கு, அதாவது கரண்ட் வரும் இரண்டு கம்பிக்கு, இடையிலான அளவு. ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே பார்த்தால் 250. கம்பியில் கொஞ்சம் இழந்து வீட்டுக்கு வரும்போது 230, 240 இருந்தால் சரி. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் தாழ்வழுத்த சப்ளைக்கு 6 சதவீத ஏற்ற இறக்கத்தை அனுமதித்தன. 240-ஐ வைத்துக் கணக்கிட்டால் 226 முதல் 254 வரை.

வோல்ட்டை எத்தனை மடங்கு இறக்குகிறதோ, அத்தனை மடங்கு ஆம்பியரை டிரான்ஸ்பார்மர் ஏற்றுகிறது. 100 கேவிஏ (மூன்று பேஸிலும் வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கிக் கூட்டிய அளவு, ஆயிரக் கணக்கில்) டிரான்ஸ்பார்மர் முழு லோடில் ஓடும்போது 22,000 வோல்ட் பக்கம் ஒரு கம்பியில் போவது 2.6 ஆம்பியர்தான். 433 வோல்ட் பக்கம் 133 ஆம்பியர். பவர் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்று. இரும்புக் கோரிலும் கம்பிச் சுற்றான காயிலிலும் சூடாகப் போவது நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில்தான் இருக்கும். ஆக, டிரான்ஸ்பார்மர் பவரை உண்டாக்குவதில்லை. ஒரு பக்கம் வோல்ட்டைக் கூட்டித் தந்தால் இன்னொரு பக்கம் அதற்கான ஆம்பியரை இழுத்தே தீரும். கீழே வரும் பழுதுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு கணக்கிலிருந்தே பிடிபடும்.

இதன் பலம் தெரிய வேண்டுமானால் நம் ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியைப் பாருங்கள். அங்கே 2016-இல் அமைந்த சூரிய மின்நிலையம் 648 மெகாவாட். அந்த முழு பவரையும் 400 கிலோவோல்ட்டில் அனுப்பினால் ஒரு பேஸுக்குச் சுமார் 935 ஆம்பியர். நம் தெருவில் ஓடும் 415 வோல்ட்டில் அனுப்ப நினைத்தால் 9 லட்சம் ஆம்பியர் வேண்டும். எந்தக் கம்பி தாங்கும்? கம்பியில் வீணாகும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தோடு கூடுவது. ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு.

பொழுது சாய்ந்தால் மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது, மிக்ஸி திணறுகிறது

குண்டு பல்பு இருந்த காலத்தில் வெளிச்சத்தைப் பார்த்தே வோல்ட்டைச் சொல்லிவிடலாம். 240-க்குப் பதில் 200 வந்தால் பல்பின் பவர் சுமார் 75 சதவீதமாக இறங்கி மஞ்சளடித்துவிடும். இப்போதைய எல்இடி பல்புகள் பல, வோல்ட் நன்றாக இறங்கிய பிறகும் அதே வெளிச்சம் தருகின்றன. அதனால் "லைட் நன்றாகத்தானே எரிகிறது" என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

மாலை ஏழரை மணி அளவில் மெயின் போர்டில் வோல்ட் பாருங்கள். அப்புறம் 1000 வாட் அயர்ன் பாக்ஸை ஆன் செய்து அதே இடத்தில் மறுபடி பாருங்கள். அயர்ன் பாக்ஸ் இழுப்பது சுமார் 4 ஆம்பியர். வோல்ட் 222-இலிருந்து 220-க்கு இறங்கினால் உங்கள் வீட்டு லைனில் குறையில்லை. 222-இலிருந்து 214-க்கு இறங்கினால் 8 வோல்ட்டை 4 ஆம்பியரால் வகுங்கள், 2 ஓம் வரும். அது மிக அதிகம். எங்கோ ஒரு இணைப்பு கெட்டிருக்கிறது.

எங்கே என்பதைக் கண்டுபிடிக்கப் பக்கத்து வீடு உதவும். நீங்கள் அயர்ன் பாக்ஸை ஆன் செய்யும்போது, அதே பேஸில் இருக்கும் பக்கத்து வீட்டிலும் வோல்ட் சேர்ந்து இறங்கினால் பழுது தெருக்கம்பியில். அங்கே அசையவில்லை என்றால் கம்பத்திலிருந்து உங்கள் மீட்டர் வரை வரும் சர்வீஸ் ஒயரில். மெயின் போர்டில் நன்றாக இருந்து பிளக்கில் மட்டும் இறங்கினால் உங்கள் வீட்டு வயரிங்கில்.

சர்வீஸ் ஒயரே மெலிந்ததாக இருக்கலாம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 40 மீட்டர் தூரம் வந்தால் போகவர 80 மீட்டர், சுமார் 0.6 ஓம். 15 ஆம்பியர் இழுக்கும்போது 9 வோல்ட் அதிலேயே போய்விடும். அது பெரிய குற்றமில்லை. களிம்பேறிய ஒரு இணைப்பு 1 ஓம் காட்டினால்தான் ஆபத்து. 15 ஆம்பியரில் 15 வோல்ட் இறங்குவதோடு, அந்தச் சின்ன இடத்தில் 225 வாட் சூடு பிறக்கும். ஒயரின் மேல்தோல் கருகுவதும் ஃபியூஸ் கட்-அவுட் உருகுவதும் இதனால்தான். நம் கரையில் இப்படிக் கெடுவது பெரும்பாலும் அலுமினியக் கம்பியோடு செம்பை நேரடியாக முறுக்கிவிட்ட இடங்கள். உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகிவிடும். இரண்டு உலோகத்துக்கும் பொருந்தும் பைமெட்டாலிக் லக்கைப் போடச் சொல்லுங்கள்.

இப்போது தெருக்கம்பி. கரையோரக் குடியிருப்புகள் ரோட்டை ஒட்டி நீளமாக நீண்டு கிடக்கின்றன. டிரான்ஸ்பார்மர் ஒரு முனையில் இருக்க, மறுமுனையில் கடைசி வீடு 700 மீட்டர் தள்ளி இருக்கும். லைன்மேன்கள் வீசல் என்று சொல்லும் கம்பி கிலோமீட்டருக்கு 0.9 ஓம் அளவில் இருக்கும். ஒரு பேஸில் 40 ஆம்பியர் கடைசி வரை போனால் 25 வோல்ட் கம்பியிலேயே கரைந்துவிடும். எல்லா வீட்டையும் ஒரே பேஸில் மாட்டியிருந்தால் நியூட்ரலிலும் அதே 40 ஆம்பியர் திரும்பி வரும், இன்னொரு 25 வோல்ட் போகும். டிரான்ஸ்பார்மர் அடியில் 250 இருந்தும் கடைசி வீட்டில் 200. மூன்று பேஸிலும் சமமாகப் பிரித்தாலே ஒரு பேஸுக்கு 13 ஆம்பியர்தான் வரும், நியூட்ரலில் ஏறத்தாழ ஒன்றுமே ஓடாது.

மூன்று பேஸிலும் 40 ஆம்பியர் ஓடும் தெருவானால் லோடு மொத்தம் 30 கேவிஏ. பேஸ் பிரிப்பது மட்டும் அங்கே போதாது. அதே 30 கேவிஏவை 22,000 வோல்ட்டில் தெருக்கடைசி வரை கொண்டுபோனால் ஓடுவது 0.8 ஆம்பியர் மட்டுமே. அங்கே சின்ன டிரான்ஸ்பார்மர் ஒன்றை வைத்து இறக்கினால் வோல்ட் நிமிர்ந்துவிடும். எனவே மனு எழுதும்போது "லோ வோல்டேஜ்" என்று மட்டும் எழுதாதீர்கள். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து வீட்டில் எத்தனை, நடுவில் எத்தனை, கடைசி வீட்டில் எத்தனை என்று ஒரே இரவில், ஒரே நேரத்தில் எடுத்த எண்களைக் கொடுங்கள். டிரான்ஸ்பார்மர் அடியிலேயே குறைவாக இருந்தால் அதன் வோல்ட்டைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் டேப்பை மாற்ற வேண்டும், அல்லது பெரிய டிரான்ஸ்பார்மர் வேண்டும். கடைசியில் மட்டும் குறைவென்றால் புது டிரான்ஸ்பார்மரோ, பேஸ் பிரிப்போ வேண்டும். எண்களோடு போகும் மனுவை உதவிப் பொறியாளர் எளிதில் ஒதுக்க முடியாது.

ஸ்டெபிலைசர் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கிறது

ஸ்டெபிலைசரும் உள்ளே ஒரு டிரான்ஸ்பார்மர்தான். 180 வோல்ட் வந்தால் ரிலே மாறி 230-ஆக ஏற்றித் தரும். அதற்கான விலையை அது லைனிலிருந்து வாங்குகிறது. 1500 வாட் ஏசி 230 வோல்ட்டில் இழுப்பது 6.5 ஆம்பியர். ஸ்டெபிலைசர் வழியாக 180-இலிருந்து ஏற்றினால் லைனிலிருந்து இழுப்பது 8.3 ஆம்பியர், ஸ்டெபிலைசரின் சொந்த இழப்பு தனி. ஏற்கெனவே இளைத்த லைனில் இப்படி இழுத்தால் வோல்ட் இன்னும் இறங்கும். இறங்கியதும் ரிலே அடுத்த படிக்குப் போகும், அது இன்னும் இழுக்கும். கட்-ஆஃப் அளவு வந்ததும் துண்டித்துவிடும். துண்டித்ததும் லைன் நிமிரும். சில நிமிடம் கழித்து மறுபடி ஆன். டக் டக் சத்தம் அதுதான்.

தெருவில் பத்து வீட்டில் ஸ்டெபிலைசர் மாட்டினால், இல்லாத பதினோராவது வீட்டில் மின்விசிறி சுற்றாது. இதை எல்லோரும் சேர்ந்து புரிந்துகொள்ள வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். இன்வெர்ட்டர் ஏசியும் கம்ப்யூட்டர் சப்ளையும் ஸ்டெபிலைசர் இல்லாமலேயே இப்படி நடந்துகொள்பவை. வோல்ட் குறைந்தால் அதே பவருக்காக ஆம்பியரைக் கூட்டிக்கொள்ளும். அயர்ன் பாக்ஸும் ஹீட்டரும் அப்படியில்லை. வோல்ட் குறைந்தால் அவை இழுப்பதும் குறையும்.

முதலில் மேலே சொன்ன அயர்ன் பாக்ஸ் சோதனையைச் செய்து, சர்வீஸ் ஒயரின் குறையைச் சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகும் 180, 190 தான் வருகிறது என்றால் பிரிட்ஜுக்கு மட்டும் ஒரு ஸ்டெபிலைசர் போதும். வீடு முழுக்க ஒன்று என்று கடைக்காரர் சொல்வதை ஏற்காதீர்கள்.

ஒரு அறையில் பல்பு வெடிக்கிற மாதிரி எரிகிறது, இன்னொரு அறையில் மினுங்குகிறது

உடனே மெயினை அணையுங்கள். மீட்டரைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். இது நியூட்ரல் அறுந்த அறிகுறி.

நியூட்ரல் இல்லாவிட்டால் இரண்டு பேஸில் இருக்கும் லோடுகள் 415 வோல்ட்டுக்கு நடுவே வரிசையாக மாட்டியதுபோல் ஆகிவிடும். ஒரு பேஸில் 1000 வாட் ஹீட்டரும் மற்ற பேஸில் 100 வாட் டிவியும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டருக்கு 38 வோல்ட்தான் கிடைக்கும், டிவியின் தலையில் 377 வோல்ட் விழும். குறைவாக இழுக்கும் பொருள்தான் முதலில் சாகும். செட்டாப் பாக்ஸ், மொபைல் சார்ஜர், எல்இடி பல்பு எல்லாம் ஒரே நொடியில் போய்விட்டன என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். மூன்று பேஸ் சர்வீஸ் உள்ள வீட்டில் வீட்டுக்குள்ளேயே நடக்கும். ஒரு பேஸ் வீடுகளில், தெருக்கம்பியின் நியூட்ரல் அறுந்தால் தெருவோடு நடக்கும். உங்கள் சர்வீஸ் ஒயரின் நியூட்ரல் மட்டும் அறுந்தால் வீடு வெறுமனே இருட்டாகும், பொருள்கள் தப்பிக்கும்.

இந்தச் சமயத்தில் சிலர் நியூட்ரலை எர்த் குழாயோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். விளக்கு எரியும், உண்மைதான். ஆனால் தெருவின் ஆம்பியரெல்லாம் உங்கள் எர்த் குழாய் வழியாக இறங்கும். எர்த் காய்ந்த மணலில் இருந்தால் பிரிட்ஜின் உடம்பு, தண்ணீர்க் குழாய், கிரைண்டர் எல்லாவற்றிலும் கரண்ட் ஏறும். உயிர் போகிற வேலை அது. மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-க்கு அழைத்து "நியூட்ரல் அறுந்திருக்கிறது" என்று அந்தச் சொல்லாலேயே சொல்லுங்கள். வீட்டுக்கு ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் ஒன்று போட்டுவைப்பது, ஸ்டெபிலைசரைவிட நம் கரைக்கு அதிகம் பயன்படும்.

மூன்றில் ஒரு பேஸ் நன்றாக இருக்கிறது, மற்ற இரண்டும் பாதி

இறால் பண்ணைக்காரர்களும் ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர்களும் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். எத்தனையோ மோட்டார்கள் காயில் கட்டும் கடைக்குப் போவது இந்தப் பழுதைப் புரிந்துகொள்ளாததால்தான்.

முதலில் எல்லா மோட்டாரையும் அணைத்துவிட்டு அளவெடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார், செத்துப்போன பேஸிலும் தானே வோல்ட்டை உண்டாக்கிக் காட்டும், நீங்கள் ஏமாந்துபோவீர்கள். அணைத்த பிறகு ஒரு பேஸ் பூஜ்யம், மற்ற இரண்டும் 240 என்றால் கீழ்ப்பக்க ஃபியூஸ் ஒன்று போயிருக்கிறது. அது எளிய பழுது. ஒரு பேஸ் 240-ஐ ஒட்டி, மற்ற இரண்டும் 120-ஐ ஒட்டி இருந்தால் மேல்பக்கம், அதாவது 11,000 அல்லது 22,000 வோல்ட் பக்கம், ஒரு கம்பி இல்லை. அந்தப் பக்கத்து எச்ஜி ஃபியூஸ் போயிருக்கலாம், கம்பிகளை இணைக்கும் ஜம்பர் அறுந்திருக்கலாம்.

ஏன் பாதி? தெரு டிரான்ஸ்பார்மரின் மேல்பக்கச் சுற்றுகள் டெல்டா (முக்கோணமாக மாட்டியவை), கீழ்ப்பக்கம் ஸ்டார் (ஒரு முனை நியூட்ரலில் சேர்ந்தவை). மேலே மூன்று கம்பியில் ஒன்று போனால், மிச்சமிருக்கும் இரண்டு கம்பிக்கு நடுவே ஒரு சுற்று முழு வோல்ட்டோடு நிற்கும். மற்ற இரண்டு சுற்றுகளும் வரிசையில் சேர்ந்து அதே வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்ளும். கீழே அது அப்படியே தெரியும். லோடு சமமில்லாதபோது 120, 120 என்று அழகாக வராது, 90-ம் 150-ம் வரலாம். இரண்டையும் கூட்டுங்கள். நல்ல பேஸின் அளவுக்குப் பக்கத்தில் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

இன்னொரு சோதனை இதைவிட உறுதியானது. பேஸுக்கும் பேஸுக்கும் இடையே பாருங்கள். நல்ல பேஸுக்கும் பாதி பேஸுக்கும் இடையே 360 அளவில் காட்டும். இரண்டு பாதிப் பேஸுக்கும் இடையே பூஜ்யம் காட்டும், அல்லது அதற்குப் பக்கத்தில். ஒவ்வொன்றும் நியூட்ரலுக்கு 120 காட்டுகிறது, தங்களுக்குள் ஒன்றுமில்லை. இரண்டும் ஒரே திசையில் ஏறி இறங்குவதால் அப்படி. மூன்று பேஸ் மோட்டாருக்குச் சுழற்ற வேண்டிய காந்தப்புலமே இல்லாமல் போகிறது. நிற்கும் மோட்டார் எழும்பாது, ஊம் என்று உறுமிக்கொண்டு சூடாகும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பேஸ் அறுந்தால் நிற்காமல் ஓடும், ஆனால் மிச்சமிருக்கும் கம்பிகளில் ஆம்பியர் ஏறத்தாழ 1.7 மடங்காக ஏறும். காயில் கருகுவது அப்படித்தான்.

இறால் குளத்தில் தண்ணீரில் காற்றைக் கலக்கும் காற்றாடி ராத்திரியில் நின்றால் தண்ணீரில் ஆக்சிஜன் விடியும் முன் அடிமட்டத்துக்குப் போய்விடும். அந்தப் பதற்றத்தில் ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் பேஸ் பிரிவெண்டரை பைபாஸ் செய்து ஓட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. அந்தப் பதற்றம் புரிகிறது. ஆனாலும் செய்யாதீர்கள். ஒரு மணி நேரத்தில் எல்லா மோட்டாரும் போய்விடும், அப்புறம் ஜெனரேட்டர் வந்தாலும் ஓட்ட ஒன்றும் இருக்காது. பிரிவெண்டர் விழுந்தால் மணியடிக்கும்படி ஒரு அலாரம் வையுங்கள். அந்த மணி கேட்டதும் லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாறுங்கள். வீடுகளில் பாதி வோல்ட் வரும் பேஸில் இருப்பவர்கள் பிரிட்ஜை உடனே அணைக்க வேண்டும். அதன் கம்ப்ரஸர் எழும்ப முடியாமல் உறுமி எரியும்.

விடியற்காலையில் கம்பத்தில் உஸ்ஸென்ற சத்தம், நீலப் பொறி, அப்புறம் கரண்ட் போகிறது

இது கடற்கரைக்கே உரிய கோளாறு. கச்சான் வீசும் மாதங்களிலும் வாடை வீசும் மாதங்களிலும் கடலிலிருந்து வரும் காற்று உப்புத் துளியைத் தூக்கிவந்து இன்சுலேட்டர் பீங்கானில் அப்புகிறது. காய்ந்த உப்பு கரண்டைக் கடத்தாது. பகலெல்லாம் ஒன்றும் தெரியாது. மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி தானே கசிவதுபோல, விடியற்காலைப் பனியில் பீங்கான் மேலிருக்கும் உப்பும் கசிந்து நனைகிறது. நனைந்த உப்பு கம்பியாகவே மாறிவிடும். அதன் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் கம்பத்துக்கு இறங்கும், உஸ்ஸென்று பொறி ஓடும். பொறி பெரிதானால் துணைமின் நிலையத்தில் அந்தப் பகுதிக்கான லைன் (ஃபீடர்) ட்ரிப் ஆகும். வெயில் ஏறி உப்பு காய்ந்ததும் "தானாகவே சரியாகிவிட்டது" என்று தோன்றும்.

நல்ல மழை பீங்கானைக் கழுவிவிடும், தூறல் கெடுக்கும். அதனால்தான் நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் தூறலன்று கரண்ட் நிற்காமல் போய்ப் போய் வருகிறது. இதற்கு மருந்து லைனை நிறுத்திவிட்டு இன்சுலேட்டரைக் கழுவித் துடைப்பது, கசிவுப் பாதை நீளமான இன்சுலேட்டரைப் போடுவது, நீர் ஒட்டாத சிலிக்கோன் ரப்பர் வகைக்கு மாறுவது. மூன்றும் மின்வாரியத்தார் செய்ய வேண்டியவை. உங்கள் பங்கு எந்தக் கம்பத்தில் பொறி பார்த்தீர்கள், எத்தனை மணிக்கு என்று அந்தக் கம்பத்தின் எண்ணோடு சொல்வது. பகலில் வந்து பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்பதால் இந்தத் தகவல் மிக முக்கியம். இருட்டில் போனில் எடுத்த ஒரு வீடியோ பெரிய உதவி.

இதே உப்பு வீட்டுக்குள்ளும் வேலை செய்யும். ராத்திரியில் மட்டும், கசிவு கண்டால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி விழுகிறது, பகலில் தூக்கினால் நிற்கிறது என்றால் கடல் பார்த்த சுவரில் இருக்கும் சுவிட்ச் போர்டையோ மொட்டைமாடி விளக்கையோ திறந்து பாருங்கள். 30 மில்லிஆம்பியர் கசிந்தால் விழுவதுதான் அதன் வேலை. அதைக் கழற்றிவிடச் சொல்லும் வயர்மேனை அனுப்பிவிடுங்கள்.

வெல்டிங் பட்டறை ஓடும்போது தெருவே கண்சிமிட்டுகிறது

வெல்டிங் டிரான்ஸ்பார்மர் நம் கணக்கின் மறுமுனை. சும்மா இருக்கும்போது 70 வோல்ட் தருவது, ராடு பற்றியதும் 150 ஆம்பியரைக் கொடுக்கும். பெருக்கினால் 10 கேவிஏக்கு மேல். 415 வோல்ட் பக்கம் 25 ஆம்பியர் அளவில், அதுவும் இரண்டு பேஸில் மட்டும், ராடு தொடும்போதெல்லாம் சட்டென்று இழுக்கும். உண்மையில் உலோகத்தை உருக்கும் பவர் அதில் பாதிகூட இல்லை, இழுக்கும் கேவிஏவில் உண்மையில் வேலையாகும் பங்கான பவர் ஃபேக்டர் மோசம். படகு வேலை நடக்கும் இடங்களில் இன்வெர்ட்டர் வகை வெல்டிங் மெஷினுக்கு மாறினால் தெருவுக்கும் நிம்மதி, பட்டறைக்கும் பில் குறையும்.

மோட்டாரில் வோல்ட் சரி, வேலையும் சரி, ஆனால் ஆம்பியர் கூடிவிட்டது என்றால் கெப்பாசிட்டரைப் பாருங்கள். 10 குதிரைத்திறன் மோட்டார் பவர் ஃபேக்டர் 0.95-இல் 12.6 ஆம்பியர் இழுக்கும். கெப்பாசிட்டர் செத்து 0.7-க்கு இறங்கினால் 17 ஆம்பியர். செய்யும் வேலை அதேதான். டிரான்ஸ்பார்மரைக் கிலோவாட்டில் சொல்லாமல் கேவிஏவில் சொல்வதும் இதனால்தான். அதன் காயிலைச் சுடவைப்பது ஆம்பியர், அது பயனுள்ளதா இல்லையா என்று காயிலுக்குத் தெரியாது.

நள்ளிரவில் வோல்ட் 260-க்கு மேல்

தெரு தூங்கியதும் லோடு இறங்குகிறது, கம்பி இழப்பு குறைகிறது, வோல்ட் ஏறுகிறது. மாலை நேரக் குறைவை ஈடுகட்ட டேப்பை ஒரு படி தூக்கி வைத்திருந்தால் நள்ளிரவில் 260-ஐத் தாண்டும். வோல்ட் கூடினால் டிரான்ஸ்பார்மர், ஸ்டெபிலைசர் போன்றவற்றின் இரும்புக் கோர் நிரம்பி, வெறுமனே நிற்கும்போதே அதிகம் இழுத்துச் சூடாகும், உறுமலும் கூடும். மாலையில் எடுத்ததுபோல் இரவு இரண்டு மணிக்கும் ஒரு அளவெடுத்து மனுவில் சேருங்கள். மாலையில் குறைவும் நள்ளிரவில் கூடுதலும் ஒரே தெருவில் இருந்தால் டேப் மாற்றித் தீராது, லைனைத்தான் சீர்செய்ய வேண்டும்.

வெளிநாட்டு மிக்ஸி, ஸ்டெப்-டவுன் பெட்டி, இரண்டும் சுடுகிறது

கீழக்கரையிலும் தொண்டியிலும் சவூதியிலிருந்து வந்த 127 வோல்ட் பொருள் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. பெட்டியின் விஏ அளவு பொருளின் வாட்டைவிடக் கால் பங்காவது கூட இருக்க வேண்டும், மோட்டார் உள்ளதென்றால் இரண்டு மடங்கு. இன்னொன்று, டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. இண்டக்‌ஷன் மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், கோர் 20 சதவீதம் அதிகக் காந்தத்தைச் சுமந்து சூடாகும். அத்தகைய பொருளை விற்றுவிடுவதே நல்லது.

கரண்ட் இல்லாதபோது ஜெனரேட்டரை ஓட்டுகிறீர்கள் என்றால்

டிரான்ஸ்பார்மருக்கு மேல் கீழ் தெரியாது. 22,000-ஐ வாங்கி 433-ஆகத் தருவதுபோலவே, கீழிருந்து 433 கொடுத்தால் மேலே 22,000-ஐ எழுப்பும். புயலுக்குப் பின் லைன் செத்துக் கிடக்கும்போது, சேஞ்ச்ஓவர் இல்லாமல் பிளக்கில் ஜெனரேட்டரைச் சொருகினால் உங்கள் கரண்ட் தெருக்கம்பி வழியாக டிரான்ஸ்பார்மருக்குப் போய், அறுந்த கம்பியைக் கட்டிக்கொண்டிருக்கும் லைன்மேனின் கையில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக இறங்கும். சின்ன ஜெனரேட்டர் என்பதால் ஒன்றும் ஆகாது என்று நினைக்காதீர்கள். ஆளைக் கொல்ல ஆம்பியரில் சிறு துளி போதும். மெயினை அணைத்தால் போதும் என்று ஞாபகத்தை நம்பவும் கூடாது. ஒரே நேரத்தில் லைனும் ஜெனரேட்டரும் சேரவே முடியாதபடி, நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடுங்கள். ஒரு பேஸ் வீட்டுக்கு இரண்டு கம்பியை மாற்றும் 'இரண்டு போல்' வகை, மூன்று பேஸுக்கு நான்கு கம்பியை மாற்றும் 'நான்கு போல்' வகை. உப்புக் காற்றில் அதன் கத்தி ஒட்டிக்கொள்ளும் என்பதால், மழைக்காலம் தொடங்கும் முன் வயர்மேனை அழைத்து லைனை நிறுத்திவிட்டு, அது இரு பக்கமும் முழுதாக விழுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.